முடிதுறந்த தந்தி

மாஸ்கோவில் உள்ள ரஷ்யக் கூட்டாட்சி அரசு ஆவணக் காப்பகத்தில் ஒரு தாள் இருக்கிறது. தட்டச்சில் அடித்த ஒரே பக்கம். அரச முத்திரை இல்லை, பொன் எழுத்து இல்லை, தலைப்புகூட இல்லை. கீழே வலப்பக்கம் பென்சிலால் ஒரு கையெழுத்து: நிக்கலாய். இடப்பக்கம் அரண்மனை அமைச்சர் பிரெதெரிக்ஸின் சான்றொப்பம். 1613 முதல் ரஷ்யாவை ஆண்ட ரொமானோவ் குலத்தின் கடைசி ஜார், இரண்டாம் நிக்கலாய், முடிதுறந்ததற்கு எழுத்துச் சான்று இந்தத் தாள்தான்.

இந்தத் தாளில் என்னை நிறுத்தி வைப்பது அதன் முகவரி. ஒரு பேரரசர் பதவியை விட்டுப் போகும்போது யாருக்கு எழுதுவார்? குடிமக்களுக்கு எழுதலாம், நாடாளுமன்றத்துக்கு எழுதலாம், கடவுளைச் சாட்சியாக அழைக்கலாம். இந்தத் தாளின் உச்சியில் இருக்கும் முகவரியோ 'தலைமையகம், முதன்மைப் பணி அதிகாரிக்கு' என்பது. தம் கீழ் வேலை செய்யும் ஒரு ஜெனரலுக்குத் தந்தி அடிப்பதுபோலத்தான் ஜார் தம் முடியைக் கழற்றி வைத்தார். அந்தத் தலைமையகம் இருந்தது தலைநகரில் அல்ல. இன்றைய பெலாரஸில், தினீப்பர் ஆற்றின் உயர்ந்த கரையில் இருக்கும் மொகிலியோவ் என்ற மாகாண நகரத்தில்.

இந்தத் தாளின் பயணத்தைப் புரிந்துகொள்ள முதலில் அந்த ஊருக்குப் போகவேண்டும். (அன்றைய ரஷ்ய நாட்காட்டி நம்முடையதைவிட 13 நாள் பின்தங்கியது. ரஷ்யாவின் 1917 வரையிலான நிகழ்ச்சிகளுக்கு அந்தக் கணக்கிலேயே தேதி தருகிறேன்.)

1914-இல் முதல் உலகப் போர் தொடங்கியபோது ரஷ்யப் படைகளின் தலைமையகம், அவர்கள் 'ஸ்தாவ்கா' என்று அழைத்தது, பரனோவிச்சி என்ற ரயில் சந்திப்பில் இருந்தது. ஜாரின் உறவினரான பெருங்கோமகன் நிக்கலாய் நிக்கலாயெவிச் தலைமைத் தளபதி. காட்டோரத்தில் நிறுத்திய ரயில் பெட்டிகளிலேயே தளபதிகள் தூங்கி எழுந்து வேலை பார்த்தார்கள். 1915 கோடையில் ஜெர்மானியர் முன்னேறினார்கள். வார்சா விழுந்தது, போலந்து முழுவதும் போயிற்று. பரனோவிச்சியும் தப்பாது என்று தெரிந்தபோது ஸ்தாவ்கா கிழக்கே நகர்ந்து மொகிலியோவில் கால் ஊன்றியது. போர்முனையிலிருந்து போதிய தூரம், ரயில் பாதை, தந்திக் கம்பி, அதிகாரிகளைத் தங்கவைக்க ஓர் ஆளுநர் மாளிகையும் சில விடுதிகளும். ஓர் ஊர் தலைமையகமாக இவ்வளவு போதும்.

அதே ஆகஸ்டில்தான் நிக்கலாய் தம் ஆட்சியின் மிகப் பெரிய முடிவை எடுத்தார். உறவினரை நீக்கிவிட்டு, ஆகஸ்ட் 23 அன்று படைகளின் தலைமையைத் தாமே ஏற்றுக்கொண்டார். அமைச்சர்களில் பெரும்பாலோர் வேண்டாம் என்று மன்றாடிக் கடிதமே எழுதினார்கள். இனி ஒவ்வொரு தோல்வியும் அரசர் தலையில்தான் வந்து விழும் என்பது அவர்கள் அச்சம். அது நியாயமான அச்சம். ஆனால் இன்னொரு ஆபத்து இருந்தது. அரசர் தலைநகரை விட்டு ஒரு ராணுவ அலுவலகத்துக்குள் குடிபோனால், அவர் காணும் உலகமும் அவரைத் தாங்கும் மனிதர்களும் அந்த அலுவலகமாகவே சுருங்கிவிடும். பதினெட்டு மாதம் கழித்து நடந்தது அதுதான் என்பது என் துணிபு.

மொகிலியோவ் அமைதியான ஊர். மக்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் யூதர்கள். சிறு வணிகம், கைத்தொழில், ஆற்றுப் படகுப் போக்குவரத்து என்று வாழ்ந்தவர்கள். அந்த ஊரின் ஆளுநர் மாளிகையில் மாடியில் இரண்டு அறைகளை ஜார் எடுத்துக்கொண்டார். அரண்மனைகளில் பிறந்து வளர்ந்தவர், அங்கே ஒரு படைவீரனின் மடக்குக் கட்டிலில் படுத்தார். 1915 அக்டோபரில் மகன் அலெக்ஸேய் வந்து சேர்ந்தபோது அதே அறையில் இன்னொரு கட்டில் போட்டார்கள். சிறு அடியும் உயிருக்கு உலை வைக்கும் குருதி உறையா நோய் அந்தப் பையனுக்கு. அவனைப் போர்வீரனின் சீருடை போட்டுத் தம்முடன் அழைத்துப் போவதில் தகப்பனுக்குப் பெருமகிழ்ச்சி. பிரிட்டன், பிரான்ஸ், பெல்ஜியம், இத்தாலி, ஜப்பான், செர்பியா என நட்பு நாடுகளின் ராணுவப் பிரதிநிதிகள் ஊரில் குடியேறினார்கள். பகல் உணவுக்கு அவர்கள் எல்லோரும் ஜாரின் மேசையில். பிற்பகலில் காரில் உலா அல்லது தினீப்பரில் படகு. ஊர் அரங்கில் இளவரசனுக்காகச் சினிமா.

காலை ஒன்பதரை மணி வாக்கில் ஜார் அடுத்த கட்டடத்துக்கு நடந்து போவார். அங்கே முதன்மைப் பணி அதிகாரி ஜெனரல் மிகயீல் அலெக்ஸேயெவ் வரைபடங்களை விரித்து வைத்துக் காத்திருப்பார். பால்டிக் கடல் முதல் கருங்கடல் வரை நீண்ட போர்முனையை உண்மையில் நடத்தியவர் இவர்தான். சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்து அதிகாரியாக உயர்ந்த ஒருவரின் மகன். மூக்குக் கண்ணாடி, ஓயாத உழைப்பு, அரசவைப் பழக்கங்களில் நாட்டமின்மை. ஜார் கேட்பார், ஒப்புவார், திரும்பிப் போவார். உள்நாட்டு ஆட்சியோ தலைநகர் பெத்ரோகிராதில் தறிகெட்டுக் கிடந்தது. அமைச்சர் ஒருவர் ஜாரைப் பார்க்கவேண்டுமென்றால் ரயிலேறி மொகிலியோவ் வரவேண்டும். அரசி தலைநகருக்கு அருகிலிருந்து கணவருக்கு நாள்தோறும் நீண்ட கடிதங்கள் எழுதி, எந்த அமைச்சரை வைப்பது, எவரை எடுப்பது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

தலைமையகத்தின் உயிர் அதன் தந்தி அறை. அங்கே இருந்தது டேவிட் ஹியூஸ் என்பவர் கண்டுபிடித்த எழுத்தச்சுத் தந்திக் கருவி. ரஷ்யர்கள் 'யூஸ்' என்பார்கள். ஹார்மோனியத்தில் இருப்பதுபோலக் கறுப்பும் வெள்ளையுமாக 28 கட்டைகள். இங்கே கட்டையை அழுத்தினால் நூற்றுக்கணக்கான மைல் தூரத்தில் ஒரு காகித நாடாவில் எழுத்தே அச்சாகும். மோர்ஸ் ஒலியைக் கேட்டு எழுத்தாக்கும் வேலை இல்லை. இரண்டு தளபதிகள் ஆளுக்கொரு கருவியின் பக்கத்தில் நின்றுகொண்டு, இயக்குபவரிடம் வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி உரையாடலாம். பேச்சு முடிந்ததும் நாடாவை வெட்டித் தாளில் ஒட்டிக் கோப்பில் சேர்ப்பார்கள். 1917 மார்ச்சின் முதல் நாட்களை மணிக்கணக்காக நாம் இன்று பின்தொடர முடிவதற்கு இந்த ஒட்டிய நாடாக்கள்தான் காரணம்.

1917 பிப்ரவரி 22 அன்று ஜார் குடும்பத்திடம் விடைபெற்று மொகிலியோவுக்குப் புறப்பட்டார். அவர் வந்து சேர்ந்த 23-ஆம் தேதி, பெத்ரோகிராதில் நெசவாலைப் பெண்கள் ரொட்டி கேட்டுத் தெருவில் இறங்கினார்கள். 27-ஆம் தேதி தலைநகரின் காவற்படையே கலகக்காரர்களோடு சேர்ந்துவிட்டது. மறுநாள் விடியுமுன், மணி ஐந்துக்கு, ஜாரின் ரயில் மொகிலியோவை விட்டுக் கிளம்பியது. நேர்வழியில் கலகத்தை அடக்கப் படை அனுப்பவேண்டியிருந்ததால், அவர் ஸ்மொலென்ஸ்க், வியாஸ்மா வழியாகச் சுற்றிப் போனார்.

தம் படைத் தலைமையகத்தை விட்டு அவர் வெளியேறிய அதே நாளில் இன்னொரு தந்திக் கம்பி கைமாறியது. நாடாளுமன்ற உறுப்பினர் பூப்லிக்கோவ் ஒரு சிறு படைப்பிரிவோடு ரயில்வே அமைச்சகத்துக்குள் நுழைந்து, ரயில்வேக்கென்று தனியாக இருந்த தந்தி வலையைப் பிடித்துக்கொண்டார். நாட்டின் எல்லா நிலையங்களுக்கும் ஆட்சி மாறிவிட்டது என்ற செய்தி அந்தக் கம்பி வழியாகப் பறந்தது. ஜாரின் ரயில் எங்கே நிற்கிறது, எங்கே கிளம்புகிறது என்பதை அமைச்சகத்தில் உட்கார்ந்தே யூரி லொமொனோசோவ் என்ற பொறியாளர் கவனித்துக்கொண்டிருந்தார். மார்ச் 1 அதிகாலை, மாலயா விஷெரா நிலையத்தில், முன்னால் உள்ள நிலையங்கள் கலகக்காரர் கையில் இருப்பதாகச் செய்தி. ரயில் திரும்பியது. ஒன்றரைக் கோடி ஆட்களைப் படைக்கு அழைத்த ஒரு பேரரசின் அதிபதி, ஓர் இரவும் ஒரு பகலும் பாதை தேடி ரயிலில் அலைந்தார்.

அன்று மாலை ரயில் போய் நின்ற இடம் பிஸ்கோவ். பழைய கோட்டையும் தேவாலயங்களும் உள்ள இந்த நகரமும் ஒரு படைத் தலைமையகம்தான்: வடமுனைத் தளபதி ஜெனரல் நிக்கலாய் ரூஸ்கியின் இருப்பிடம். ஜார் அங்கே போனதற்குப் பெரிய காரணம் எதுவுமில்லை. யூஸ் கருவி உள்ள அருகிலிருந்த தலைமையகம் அது. மொகிலியோவோடு பேசமுடியும், தலைநகரோடு பேசமுடியும்.

மார்ச் 2 அதிகாலை மூன்றரை மணி. ரூஸ்கி யூஸ் கருவியின் முன் நின்றார். மறுமுனையில் பெத்ரோகிராதில் நாடாளுமன்றத் தலைவர் ரொத்ஸியான்கோ. நாடாளுமன்றத்துக்குப் பொறுப்பான அமைச்சரவைக்கு முந்தைய இரவு ஜார் ஒருவாறு இணங்கியிருந்தார். அந்தச் செய்தியைத்தான் ரூஸ்கி சொல்ல வந்தார். அது காலம் கடந்த சலுகை, மக்கள் இப்போது கேட்பது முடிதுறப்பை என்றார் ரொத்ஸியான்கோ. பேச்சு ஏழரை மணி வரை நீண்டது. நாடா பிஸ்கோவில் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் நகல் மொகிலியோவுக்கும் போய்க்கொண்டிருந்தது. ஜார் தூங்கி எழுவதற்கு முன்பே, அவர் என்ன செய்யவேண்டும் என்பதை அவருடைய சொந்தத் தலைமையகம் படித்துவிட்டது.

காய்ச்சலோடு வேலை செய்துகொண்டிருந்த அலெக்ஸேயெவ் காலை பத்து மணி தாண்டியதும் எல்லாப் போர்முனைத் தளபதிகளுக்கும் ஒரு சுற்றுத் தந்தி அனுப்பினார். நிலைமையைச் சொல்லி, முடிதுறப்பே வழி என்று தோன்றுகிறது என்று காட்டி, நீங்களும் இசைந்தால் ஜாருக்கு வேண்டுகோள் விடுங்கள் என்று கேட்டார். இந்தத் தந்தியைத்தான் நான் புரட்சியின் நடுப்புள்ளியாக எண்ணுகிறேன். தெருவில் நின்ற தொழிலாளரும் கலகம் செய்த சிப்பாய்களும் ஜாரின் ஆட்சியைத் தலைநகரில் முடித்துவிட்டார்கள், உண்மை. ஆனால் ஜாரிடம் இன்னும் ஒரு கோடிக்கு நெருக்கமான படை இருந்தது. அந்தப் படை அவருக்காக எழாது என்பதை அவருக்குச் சொன்னது மொகிலியோவிலிருந்து கிளம்பிய அந்தச் சுற்றுத் தந்தியும் அதற்கு வந்த பதில்களுமே. பகல் இரண்டரை மணிக்குள் மூன்று பதில்கள் வந்துவிட்டன: காக்கசஸிலிருந்து பெருங்கோமகன் நிக்கலாய், தென்மேற்கிலிருந்து புரூசிலோவ், மேற்கு முனையிலிருந்து எவெர்த். மூவரும் விலகும்படி மன்றாடினார்கள். பதினெட்டு மாதத்துக்கு முன் ஜார் எந்த உறவினரின் நாற்காலியில் போய் உட்கார்ந்தாரோ, அதே உறவினர் முழந்தாளிட்டு வேண்டுவதாக எழுதியிருந்தார்.

பிற்பகல் மூன்று மணி அளவில் ஜார் ஒப்புக்கொண்டார். மகனுக்காக விலகுவதாக இரண்டு சிறு தந்திகளைத் தம் கையால் எழுதினார். ஆனால் நாடாளுமன்றத்தின் சார்பில் குச்கோவும் ஷூல்கினும் பிஸ்கோவுக்கு வந்துகொண்டிருக்கிறார்கள் என்ற செய்தி வரவே, அந்தத் தந்திகள் அனுப்பப்படாமல் நின்றன.

இதற்குள் மொகிலியோவில் நம் தாளின் வாசகம் உருவாகத் தொடங்கிவிட்டது. ஸ்தாவ்காவின் வெளியுறவு அலுவலகத் தலைவர் நிக்கலாய் பஸீலியை அழைத்து, முடிதுறப்புக்கு ஒரு வரைவு எழுதச் சொன்னார் அலெக்ஸேயெவ். பஸீலி எழுதினார், அலெக்ஸேயெவும் ஜெனரல் லுகோம்ஸ்கியும் பார்த்துத் திருத்தினார்கள். அந்த வாசகத்தை நிதானமாகப் படிப்பவருக்கு அது எங்கே எழுதப்பட்டது என்பது விளங்கும். தொடக்கமே போர். வெளிப்பகைவனோடு நடக்கும் பெரும் போராட்டம், அதை வெற்றியாக முடிக்கவேண்டிய கடமை, அதற்கு மக்கள் ஒன்றுபடவேண்டிய தேவை என்று போய், அதன் பிறகே முடிதுறப்பு வருகிறது. ரொட்டி கேட்டுத் தெருவுக்கு வந்த பெண்களைப் பற்றி அதில் ஒன்றுமில்லை. படைத் தலைமையகம் கவலைப்பட்டதெல்லாம் போர் நின்றுவிடக் கூடாதே என்பதுதான். அந்தக் கவலையால்தான் அவர்கள் ஜாரைக் கைவிட்டார்கள்; எட்டே மாதத்தில் போர் நடத்தும் படையே கரைந்துபோயிற்று.

மாலையில் அந்த வரைவு பிஸ்கோவுக்குத் தந்தியில் போனது. கையால் எழுதிய மூல வரைவு, திருத்தங்களோடு, பஸீலியிடமே தங்கிவிட்டது. பின்னாளில் அவர் நாடு விட்டுப் போனபோது அதுவும் உடன் போய், இப்போது கலிபோர்னியாவில், ஸ்டான்போர்டு பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள ஹூவர் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. ஒரு முடிதுறப்பின் வரைவு ஒரு கண்டத்திலும் செம்பிரதி இன்னொரு கண்டத்திலுமாகக் கிடக்கின்றன.

வரைவு வந்து சேர்வதற்கு முன்பே ஜாரின் மனம் மாறியிருந்தது. அரசவை மருத்துவர் ஃபியோதரோவைத் தனியே அழைத்து, அலெக்ஸேயின் நோய் தீருமா என்று கேட்டார். மருத்துவம் அறிந்தவரை தீராது என்றார் ஃபியோதரோவ். முடிதுறந்த தகப்பனிடம் அந்தப் பையனை விட்டுவைக்க மாட்டார்கள் என்ற அச்சமும் சேர்ந்துகொண்டது. இரவு பத்து மணி வாக்கில் குச்கோவும் ஷூல்கினும் வந்து ரயில் பெட்டியில் உட்கார்ந்தபோது, தம் சார்பிலும் மகன் சார்பிலும் விலகித் தம்பி மிகயீலுக்கு முடியைத் தருவதாக அவர் அமைதியாகச் சொன்னார். வந்தவர்கள் இதை எதிர்பார்க்கவில்லை. 1797-இல் பேரரசர் பாவெல் வகுத்த வாரிசுச் சட்டத்தில், உரிமையுள்ள மகனின் பேரால் தகப்பன் விலக இடமே இல்லை. அதைச் சுட்டிக்காட்டி மறுக்க அந்த இரவில் யாருக்கும் மனம் வரவில்லை. நோயாளி மகனை விட்டுப் பிரியமாட்டேன் என்று ஒரு தகப்பன் சொல்லும்போது சட்டப் புத்தகத்தை விரிப்பது யாருக்கும் கடினம்தான்.

ஜார் தம் அறைக்குப் போய், மொகிலியோவ் வரைவில் மகன் இருந்த இடத்தில் தம்பியை வைத்துத் தட்டச்சு செய்த வாசகத்தோடு திரும்பி வந்தார். ஷூல்கின் கேட்டுக்கொண்டபடி ஒரு சிறு சேர்க்கை செய்தார். இரவு பன்னிரண்டு ஆகச் சற்று முன் பென்சிலால் கையெழுத்திட்டார். ஆனால் தாளில் இருக்கும் நேரம் பிற்பகல் மூன்று மணி ஐந்து நிமிடம். நாடாளுமன்ற ஆட்கள் வந்து மிரட்டி வாங்கியது என்று நாளை யாரும் சொல்லக் கூடாது. மூன்று மணிக்கே முடிவெடுத்துவிட்டார் என்பது பதிவாகவேண்டும். அப்படியாக அந்தத் தாள் பொய் நேரத்தைச் சுமந்துகொண்டே பிறந்தது. மொகிலியோவுக்குத் தந்தியாகப் போகவேண்டியது என்பதால் தந்தி முகவரியும் ஒட்டிக்கொண்டது. இரண்டு பிரதிகள். ஒன்று ரூஸ்கியிடம், மற்றது குச்கோவிடம்.

பென்சில் கையெழுத்தையும் தந்தி முகவரியையும் காட்டி, இது போலி, ஜார் முடிதுறக்கவே இல்லை என்று வாதிடுவோர் இன்றும் ரஷ்யாவில் உண்டு. நான் அதை ஏற்கவில்லை. அன்றிரவு தம் நாட்குறிப்பிலேயே, தாம் கையெழுத்திட்டுக் கொடுத்ததை நிக்கலாய் எழுதியிருக்கிறார். பெட்டிக்குள் நடந்ததை ஜாரின் படை அலுவலகத் தலைவர் நரீஷ்கின் குறித்து வைத்தார். குச்கோவ், ஷூல்கின், ரூஸ்கி என்று அங்கே இருந்தவர்கள் ஒருவருக்கொருவர் ஆகாதவர்களாகிப் போன பிறகும், கையெழுத்து நடந்தது என்பதில் மாறிப் பேசவில்லை. அலங்காரம் இல்லாத அரசாணை என்பதே அதன் உண்மைக்குச் சான்று. போர்க்காலத் தலைமையகத்தில் அவசரத்தில் உருவான ஒரு தாள் அப்படித்தான் இருக்கும்.

மார்ச் 3 காலை குச்கோவும் ஷூல்கினும் பெத்ரோகிராதின் வார்சா நிலையத்தில் இறங்கினார்கள். நிலையத்தில் சிப்பாய்களிடம் ஷூல்கின் முடிதுறப்பை அறிவித்துவிட்டார். ரயில்வே பட்டறையில் பேசப் போன குச்கோவைத் தொழிலாளர்கள் சூழ்ந்துகொண்டார்கள். ஒரு நிக்கலாய் போய் ஒரு மிகயீலா என்ற கோபம். தாளைப் பறித்துக் கிழித்துவிடலாம் என்ற நிலை. இதற்கிடையே ஷூல்கினுக்குத் தொலைபேசி வந்தது. நாடாளுமன்றத் தலைவர்களில் ஒருவரான மிலியுகோவ் பேசினார்: அறிவிக்க வேண்டாம், நிலைமை மாறிவிட்டது. ரயில்வே அமைச்சகத்திலிருந்து பூப்லிக்கோவின் பொறியாளர்கள் வந்து, கூட்டத்தின் கண்ணில் படாமல் தாள் இருந்த உறையை வாங்கிக்கொண்டு நழுவினார்கள். அமைச்சகத்தில் அதைப் பழைய செய்தித்தாள் கட்டுகளுக்கு அடியில் ஒளித்து வைத்தார்கள். ஜாரின் ரயிலைத் தொலைவிலிருந்து கவனித்த லொமொனோசோவே அதைக் காத்தவர்களில் ஒருவர். சில ஆண்டுகள் கழித்து இதே லொமொனோசோவ்தான் சோவியத் அரசுக்காக வெளிநாடுகளில் நூற்றுக்கணக்கான ரயில் எஞ்சின்களை வாங்கினார். டீசல் எஞ்சின் உருவாக்கத்திலும் முன்னோடியாக இருந்தார்.

அதே நாள், மில்லியோன்னயா தெரு 12-ஆம் எண் வீட்டில், மிகயீல் முடியை ஏற்கவில்லை. அரசியல் நிர்ணய சபை தேர்ந்தெடுத்தால் ஏற்பேன் என்று அவர் சொன்னதை சட்ட அறிஞர்கள் நபக்கோவும் நோல்தேயும் வாசகமாக்கினார்கள். நாவலாசிரியர் விளதீமிர் நபக்கோவின் தந்தைதான் இந்த நபக்கோவ். அந்த வீட்டுப் பெண்குழந்தையின் பள்ளி மேசையில் உட்கார்ந்து அவர் செம்பிரதி எழுதினார். அண்ணன் தாளும் தம்பி தாளும் ஒரே நேரத்தில் அச்சேறி வெளியாயின. 304 ஆண்டு அரச குலம் முடிந்தது.

அந்தச் செய்தி உலகெங்கும் தந்தியில் ஓடியது. பிரெஞ்சுப் புதுச்சேரியில் அடைக்கலம் இருந்த பாரதி அதைக் கேட்டு 'புதிய ருஷியா' பாடினார். தமிழில் ஜாரின் வீழ்ச்சிக்கு உடனே எழுந்த வரவேற்பு அது.

மொகிலியோவுக்குத் திரும்புவோம். மார்ச் 3 மாலை நிக்கலாய் அங்கேயே திரும்பி வந்தார், இப்போது தளபதியாகவும் இல்லை, அரசராகவும் இல்லை. மறுநாள் கியெவிலிருந்து தாய் மரியா ரயிலில் வந்து சேர்ந்தார். 8-ஆம் தேதி நிக்கலாய் தலைமையக அதிகாரிகளிடம் விடைபெற்றபோது பலர் தேம்பினார்கள், சிலர் மயங்கி விழுந்தார்கள். புதிய அரசுக்கு உண்மையாக இருந்து போரை வெல்லுங்கள் என்று படைகளுக்கு ஒரு கடைசி ஆணை எழுதினார். போர் அமைச்சராகியிருந்த குச்கோவ் அதைப் படைகளுக்கு எட்டவிடாமல் தடுத்தார். அன்றே கைது. அலெக்ஸேயெவுக்கும் நிம்மதி இல்லை. தலைநகரத்து ஆட்கள் சிலரின் பேச்சை நம்பிச் சுற்றுத் தந்தி அனுப்பியதற்காகத் தம்மை மன்னிக்கவே முடியாது என்று, அதை அனுப்பிய மறுநாளே அவர் வருந்தியதாக லுகோம்ஸ்கி எழுதியிருக்கிறார்.

மொகிலியோவ் இன்னும் சில மாதம் தலைமையகமாக இருந்தது. அலெக்ஸேயெவ், புரூசிலோவ், கர்னீலவ், கெரென்ஸ்கி என்று தளபதிகள் மாறினார்கள். கடைசியாக துகோனின். நவம்பர் 20 அன்று போல்ஷெவிக் தளபதி கிரிலென்கோ ஸ்தாவ்காவைக் கைப்பற்ற வந்தபோது, மொகிலியோவ் ரயில் நிலையத்தில் துகோனினைக் கூட்டம் அடித்துக் கொன்றது. 1918-இல் ஸ்தாவ்கா கலைந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் மிகயீல் பேர்ம் அருகே சுட்டுக் கொல்லப்பட்டார். நிக்கலாயும் எந்த மகனைப் பிரியமாட்டேன் என்றாரோ அந்த மகனும் குடும்பத்தோடு எக்கத்தெரின்பூர்கில் கொல்லப்பட்டார்கள். ரூஸ்கி பியாத்திகோர்ஸ்கில் வெட்டிக் கொல்லப்பட்டார். அலெக்ஸேயெவ் தெற்கே எதிர்ப்படை திரட்டிவிட்டு நோயில் இறந்தார். தாளைச் சுற்றி நின்ற மனிதர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருந்தபோது தாளும் கண்ணில் படாமல் போயிற்று.

அது மீண்டும் வெளிப்பட்டது 1929 இலையுதிர்காலத்தில். அறிவியல் அகாதமியைச் 'சுத்தம் செய்ய' லெனின்கிராத் என்று பெயர் மாறியிருந்த பெத்ரோகிராதில் ஒரு குழு இறங்கியிருந்தது. அகாதமியின் பாதுகாப்பில் இருந்த காகிதங்களைத் துழாவியபோது நிக்கலாயின் முடிதுறப்பும் மிகயீலின் மறுப்பும் கிடைத்தன. புரட்சியின் குழப்பத்தில் எரிந்தும் விற்றும் அழிந்திருக்கக்கூடிய ஆவணங்களை அறிஞர்கள் வாங்கிச் சேர்த்து வைத்திருந்தார்கள். அரசோ அதைச் சதி என்றது. முதலில் பதவி போனவர் அகாதமியின் நிரந்தரச் செயலாளர் செர்கேய் ஓல்தென்பூர்க். நம் பக்கத்துக்கு இவர் அந்நியரல்ல: வடமொழியும் பௌத்தமும் கற்றவர், 1897 முதல் பௌத்த மூல நூல்களை வரிசையாகப் பதிப்பிக்கும் திட்டத்தைத் தொடங்கி நடத்தியவர், துன்ஹுவாங் குகைகளுக்கு ஆய்வுப் பயணம் போனவர். அடுத்து அகாதமி நூலகத்துக்குப் பொறுப்பாக இருந்த வரலாற்றாசிரியர் செர்கேய் பிளாத்தனோவ். 1930 ஜனவரியில் அவரைக் கைது செய்தார்கள். முடியாட்சியை மீட்கச் சதி என்று வழக்கு விரிந்து நூற்றுக்கும் மேற்பட்டோரை விழுங்கியது. பிளாத்தனோவைச் சமாராவுக்கு வெளியேற்றினார்கள். 1933 ஜனவரியில் அங்கேயே இறந்தார்.

முடியைத் துறந்தவர், துறக்கச் சொன்னவர்கள், எழுதித் தந்தவர் எல்லோருக்கும் அந்தத் தாளில் ஒரு பங்கு இருந்தது. பிளாத்தனோவுக்கு இருந்த பங்கு, அது அழியாமல் இருந்த இடத்துக்குப் பொறுப்பாளர் என்பது மட்டும். அரசியலில் தோற்றவர்களின் காகிதத்தையும் காப்பது ஆவணக் காப்பாளரின் கடமை. அதைச் செய்ததற்காக ஓர் அறிஞரை முதுமையில் வீட்டைவிட்டு விரட்டியது மன்னிக்கத்தக்க செயல் அல்ல. 1967-இல் சோவியத் உச்ச நீதிமன்றம் அவர்மீது குற்றமில்லை என்று தீர்ப்பளித்தது. தாள் இன்று மாஸ்கோ காப்பகத்தில், நிக்கலாயின் சொந்தக் காகிதங்கள் அடங்கிய 601-ஆம் தொகுதியில், 2100அ என்ற எண்ணில் இருக்கிறது.